அணில் பொறித்த கட்டை, செவுள் வைத்த ரைஃபிள்

சாப்பாட்டு மேசை மேல் பழைய போர்வை ஒன்றை விரித்து, நான்கு ரைஃபிள்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார் பக்கத்து வீட்டு அம்மையார். கணவர் காலமாகி ஒரு வருஷம். நாங்கள் இருப்பது மேற்குப் பென்சில்வேனியா. மான் வேட்டைக்காகப் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விடுகிற சீமை இது. நம்மூரில் வீட்டுக்கு நாலு குடை இருப்பதைப் போல இங்கே வீட்டுக்கு நாலு துப்பாக்கி. மகன் ஒவ்வொன்றின் டிரிகர் வளையத்திலும் நூல் கட்டி விலைச்சீட்டைத் தொங்கவிட்டிருந்தார். ஸ்பிரிங்ஃபீல்ட், 450 டாலர். கிளென்ஃபீல்ட், 300. ஜே.சி. ஹிக்கின்ஸ், 60. கடைசியாக ஒரு வின்செஸ்டர், 40. அதன் சீட்டில் மட்டும் சிவப்பு மையில் கூடுதலாக ஒரு வரி: 'நம்பர் இல்லை'.

"நீங்கள் கிளப்பில் சுடுகிறவர். இந்த விலை சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நான்கும் தப்பு. இரண்டு அநியாயத்துக்கு அதிகம், இரண்டு பாவத்துக்குக் குறைவு. ஆனால் விலைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. போல்டைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, காலி என்று இரண்டும் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு. குழலுக்கு அடியில் தோட்டாக்களை அடுக்கும் குழாய் மேகசின் உள்ள ரகத்துக்கு இதுவும் போதாது. உள்குழாயை முழுக்க உருவிவிட்டு, முனையைக் கீழே சாய்த்துத் தட்ட வேண்டும்; பிறகு போல்டை இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கிளென்ஃபீல்டை அப்படித் தட்டியபோது பச்சை பூத்த மூன்று தோட்டாக்கள் போர்வை மேல் உருண்டன. அம்மையார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த ரைஃபிள் பரணில் கிறிஸ்துமஸ் தோரணங்களோடு கிடந்த சாமான்.

நான்கும் .22 ரிம்ஃபயர் ரகம். தோட்டாவின் பித்தளை அடிப்பாகத்தில் துருத்தி நிற்கும் விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து அடங்கியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த .22 ஷார்ட்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. இன்று உலகமெங்கும் சுடப்படும் .22 லாங் ரைஃபிள், ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887-ல் கொண்டுவந்தது. உதைப்பு இல்லை, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. பண்ணை வீட்டுப் பையன்களின் முதல் துப்பாக்கி இதுதான். முயல், அணில், வேலிக்கம்பத்தின் மேல் வைத்த தகர டப்பா. 1968-ல் சட்டம் வந்து நிறுத்தும் வரைக்கும் இதைத் தபாலில் வரவழைக்க முடிந்தது. சியர்ஸ் கடையின் கேட்லாக்கில் சட்டைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ரைஃபிளும் இருந்தது.

குழப்பம் தொடங்குவது அந்தக் கேட்லாக்கில்தான். சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட், வெஸ்டர்ன் ஆட்டோ போன்ற கடைக்காரர்கள் பொதுவாகத் தாங்களே துப்பாக்கி செய்யவில்லை. மார்லின், சாவேஜ், மாஸ்பெர்க், ஹை ஸ்டாண்டர்ட் ஆகிய கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரைக் குழலில் பொறித்து விற்றார்கள். வார்ட் கடை 'வெஸ்டர்ன் ஃபீல்ட்' என்றது, வெஸ்டர்ன் ஆட்டோ 'ரெவலேஷன்' என்றது. பெயர் பெண் வீட்டுடையது, முகஜாடை மட்டும் அப்பன் வீட்டுடையது என்பார்களே, அந்தக் கதை. மலிவு ரைஃபிளில் குழல் மேல் எழுதியிருக்கும் பெயரைக் கடைசியாகப் படிக்க வேண்டும் என்பது நான் கைப்பணம் இழந்து கற்றது.

முதலில் ஹிக்கின்ஸ். சியர்ஸில் வேலை பார்த்த ஜான் ஹிக்கின்ஸ் என்ற மனிதரின் பெயரைத்தான் அந்தக் கடை தன் விளையாட்டுச் சாமான்களுக்குச் சூட்டியது. 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பெயரைக் கைவிட்டு, பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸின் பெயருக்கு மாறினார்கள். ஆக ஹிக்கின்ஸ் என்றிருந்தால் அது அதற்கு முந்தியது. மகன் போட்ட 60 டாலருக்குக் காரணம் இருந்தது: மேகசினைக் காணோம். இந்தப் பெயரில் இப்போது கம்பெனி இல்லை, மேகசினுக்கு எங்கே போவது என்று விட்டுவிட்டார். நியாயமான கேள்வி. விடை குழலிலேயே இருந்தது. சியர்ஸ் தன் மாடல் எண்ணுக்கு முன்னால் மூன்று இலக்கமும் ஒரு புள்ளியும் போடும். அது செய்து கொடுத்தவரின் அடையாளம். 103 என்றால் மார்லின். 101 சாவேஜ் – ஸ்டீவன்ஸ். 583 ஹை ஸ்டாண்டர்ட். 273 வின்செஸ்டர். இதில் இருந்தது 103. 'ஹிக்கின்ஸ் மேகசின்' என்று தேடினால் கிடைக்காதது, அதே காலத்து மார்லின் போல்ட் ரைஃபிளின் மேகசின் என்று கேட்டதும் ஒரு பழைய உதிரிப்பாகக்காரரிடம் கிடைத்தது. 28 டாலர். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.

மேகசின் இல்லாத .22 ரைஃபிள் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிதான், அதற்குரிய விலைதான். மாஸ்பெர்க்கின் பழைய மாடல்களில் நிலைமை இன்னும் மோசம். அசல் மேகசினுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால், ரைஃபிளோடு சேர்த்துத்தான் சொல்கிறாரோ என்று தோன்றும். வாங்கும்போது குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவர்கள், மேகசின் உண்டா, போல்ட் அந்த ரைஃபிளுக்கே உரியதா, பார்வைக் குறியின் பின்பக்கத் துண்டு இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். காணாமல் போனது ஒரு சின்னத் தகடாக இருக்கும். அதுவே விலையில் பாதியைத் தின்றுவிடும்.

அடுத்தது 450 டாலர் ஸ்பிரிங்ஃபீல்ட். இந்த மகனை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால் அமெரிக்கர்களுக்கு நினைவு வருவது மாசசூசெட்ஸில் இருந்த அரசாங்க ஆயுதச்சாலை. இரண்டாம் உலகப் போரில் எம்1 கேரண்ட் ரைஃபிள் செய்த இடம், 1968-ல் மூடப்பட்டது. மேசையில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சிக்கோபி ஃபால்ஸில் இயங்கிய ஸ்டீவன்ஸ் கம்பெனி, தன் மலிவுச் சரக்குக்கு வைத்த வியாபாரப் பெயர் அது. ஸ்டீவன்ஸை 1920-ல் சாவேஜ் வாங்கியது. ஒரே இயந்திரம் ஸ்டீவன்ஸ் 87, சாவேஜ் 6, ஸ்பிரிங்ஃபீல்ட் 87ஏ என்று மூன்று பெயரில் கடைக்குப் போனது. குழலில் 'சிக்கோபி ஃபால்ஸ்' என்ற முகவரி இருந்தால் ஏறக்குறைய 1960-க்கு முந்தியது. அதன் பிறகு ஆலை வெஸ்ட்ஃபீல்டுக்குப் போய்விட்டது. நம் கையில் இருந்தது சிக்கோபி ஃபால்ஸ்.

பெயர் எதுவானாலும் இதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். போல்ட் ஓடும் ரிசீவரின் பக்கவாட்டில் மீனின் செவுளைப் போல வரிவரியாகக் கீறல் துளைகள். இங்குள்ளவர்களும் செவுள் துப்பாக்கி என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். இன்னொரு அடையாளம் காதுக்கு. டிரிகரை அழுத்தினால் தோட்டா வெடித்து, போல்ட் பின்னால் போய் அங்கேயே நின்றுவிடும். விரலை எடுத்தால்தான் முன்னால் பாய்ந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளும். அழுத்தும்போது ஒரு 'க்ளிக்', விடும்போது ஒரு 'க்ளாக்'. மற்ற அரைத்தானியங்கி ரைஃபிள்களைச் சுட்டுப் பழகியவருக்கு முதல் பத்து தோட்டா வரைக்கும் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

கிளப்புக்கு எடுத்துப் போவதற்கு முன் கழற்றினேன். கழற்றியதற்கு வருந்தினேன் என்றும் சொல்லலாம். உள்ளே கெட்டியாகிப்போன எண்ணெயும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து, பழைய கிரைண்டரின் அடியில் இருக்கும் பிசின் மாதிரி. மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு மாலைப்பொழுது. மலிவு ரைஃபிள்தான், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் கடைசல் பிடித்த நல்ல எஃகு. இன்று இந்த விலை ரகத்தில் வருவனவற்றில் பாதி பிளாஸ்டிக்கும் வார்ப்பும்தான். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்பிரிங் பறந்து அடுப்புக்கு அடியில் போய்விட்டது. கிடைத்தது, ஆனால் அரை மணி நேரம் தரையில் தவழ்ந்த பிறகு.

சுடுவதற்கு எப்படி? சாதாரண வேகத் தோட்டா போட்டால் மூன்றுக்கு ஒன்று சிக்கிக்கொண்டது. அதிவேகத் தோட்டாவுக்கு மாற்றினேன். நாற்பதில் ஒன்றே ஒன்று சிக்கியது. போல்ட்டின் கைப்பிடியை உள்ளே அழுத்திப் பூட்டிவிட்டால் இதே ரைஃபிள் கையால் இழுத்துச் சுடும் போல்ட் ரைஃபிளாக மாறிவிடும். அந்த நிலையில் மற்ற .22 தோட்டாக்களான ஷார்ட்டும் லாங்கும்கூடச் சுடலாம். இந்த இரட்டை வேடம் பிடித்திருந்தது. பிடிக்காதது, செவுள் வழியாக மூக்குக்கண்ணாடியில் தெறித்த எண்ணெய். டிரிகர் கனமாகவும் மணல் அரைப்பதைப் போலவும் இருந்தது. 25 கஜத்தில் ஐந்து தோட்டாக்களை ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடக்கினேன். தகர டப்பாவுக்குப் போதும், அணிலுக்குப் போதாது. வேலை செய்கிற நிலையில் 120 டாலர் என்று சொன்னேன். மகன் முகம் வாடியது. "ஆயுதச்சாலை என்றால்..." என்று இழுத்தார். குழலில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டினேன்.

அணிலுக்கு வருவோம். கிளென்ஃபீல்ட் என்பது மார்லின் கம்பெனியே வைத்துக்கொண்ட மாற்றுப்பெயர். அசல் மார்லினுக்கு வால்நட் கட்டை, கிளென்ஃபீல்டுக்கு வால்நட் நிறம் பூசிய மலிவு மரம். அந்த மரத்தில் கைப்பிடிக்கு அருகே ஓர் அணிலை அச்சு வைத்து அழுத்தியிருப்பார்கள். கையால் செதுக்கியது என்று நம்பித்தான் 300 போட்டிருந்தார்கள். அது ஆலை அச்சு. பக்கத்து ஊர்க்காரரின் ரைஃபிளிலும் இதே அணில், இதே இடத்தில், இதே காதுகளோடு உட்கார்ந்திருக்கும்.

மேசையில் இருந்தது மாடல் 60. அந்த மாடல் 1960-ல் வந்தது. மார்லின், கிளென்ஃபீல்ட் இரண்டு பெயரிலும் சேர்த்து ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. இவ்வளவு விற்ற சாமானுக்கு அரிது என்ற மதிப்பு ஒருநாளும் வராது. ஆனால் சுடுவதற்கு இதைவிட நல்ல பழைய மலிவு ரைஃபிளை நான் சுட்டதில்லை. வழக்கமான குழல்களில் நான்கோ ஆறோ ஆழமான முறுக்கு வரிகள் இருக்கும். மார்லின் 'மைக்ரோகுரூவ்' என்று பதினாறு மெல்லிய வரிகளைப் போட்டது. விளக்கை வைத்துக் குழலுக்குள் பார்த்தால் சங்கின் உள்பக்கம் மாதிரி தெரியும். 50 கஜத்தில் அணில் தலை அளவுக்கு ஐந்தும் போயின. கட்டையில் இருந்தவர் மன்னிக்கவும்.

இதன் வயதைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டு. 1973-லிருந்து மார்லின் தன் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தில் வருஷத்தைத் தலைகீழாக ஒளித்துவைத்தது. 2000-லிருந்து அதைக் கழித்தால் வருஷம். இதில் 24 என்று தொடங்கியது, ஆக 1976. குழலில் 'நார்த் ஹேவன்' என்றிருந்ததும் பொருந்தியது. 1969 வரை ஆலை நியூ ஹேவனில் இருந்தது. இப்படி எண்ணும் முகவரியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால் நிம்மதி. சொல்லாவிட்டால் யாரோ குழலையோ ரிசீவரையோ மாற்றியிருக்கிறார்கள்.

வாங்குபவர் இதில் பார்க்க வேண்டியது வெளியே தெரியாது. இயந்திரத்தின் பின்பகுதியில் போல்ட் வந்து மோதும் இடத்தில் சின்ன பிளாஸ்டிக் தாங்கி ஒன்று இருக்கும். வயதானால் அது பழுப்பேறி, பட்டாணி வறுத்த மாதிரி நொறுங்கும். நொறுங்கிய பிறகும் சுட்டால் எஃகோடு எஃகு மோதும். இதில் விரிசல் விட்டிருந்தது. சில டாலர் சமாச்சாரம், மாற்றினோம். 1980-களின் நடுவில்தான் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் திறந்து நிற்கும் வசதி இந்த மாடலுக்கு வந்தது. அதற்கு முந்திய இதில் இல்லாததால், தீர்ந்தது தெரியாமல் காலியாக டிரிகரை அழுத்திக்கொண்டிருப்பீர்கள். ரிம்ஃபயரில் அது கெடுதல், ஊசி அறையின் விளிம்பிலேயே கொத்தி வடு உண்டாக்கும். விலை? 160. அணிலுக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது.

கிளப்பில் ஒரு நண்பர் இந்தத் தேதி விளையாட்டைப் பார்த்துவிட்டுத் தன் ரெமிங்டன் 510-ஐ நீட்டினார். ரெமிங்டன் குழலின் இடப்பக்கம் ரிசீவருக்கு ஒட்டினாற்போல் ஆங்கில எழுத்துகளைக் குத்தியிருக்கும். முதல் எழுத்து மாதம். 'பிளாக்பவுடர்' என்ற சொல்லையும் கடைசியில் ஓர் 'எக்ஸ்' எழுத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு எழுத்து, பன்னிரண்டு மாதம், எதுவும் இரண்டு தடவை வராது. ஆங்கிலத்தில் வராது என்று சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் ஜனவரியும் ஜூனும் இரண்டுமே 'பி'. அடுத்து வருவது வருஷம். அவருடையதில் 'கே', பிறகு இரட்டை 'யூ'. 1949 மே மாதம். அவர் பிறந்த வருஷமாம். அதன் பிறகு அவரிடம் விலை பேசுவது வீண்.

இனி அந்த 40 டாலர் வின்செஸ்டர். 'நம்பர் இல்லை' என்பதால் திருட்டுச் சரக்கோ போலியோ என்று மகன் பயந்திருந்தார். இந்தப் பயம் எத்தனையோ வீடுகளில் நல்ல ரைஃபிள்களைக் குப்பை விலைக்கு அனுப்பியிருக்கிறது. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்பு மலிவு .22-களுக்கு எண் குத்த வேண்டிய கட்டாயம் இல்லை. பல கம்பெனிகள் குத்தவும் இல்லை. எண் இல்லாமல் பிறந்தது குற்றமல்ல. இருந்த எண்ணை அரம் போட்டு ராவி அழித்திருந்தால்தான் விவகாரம். அதைத் தெரிந்தே வைத்திருப்பதே குற்றம், விற்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. ராவிய இடத்தில் உலோகம் பள்ளமாகி மெருகு மாறியிருக்கும். விரல் நுனி சொல்லிவிடும்.

இது மாடல் 67. 1934-லிருந்து 1963 வரை 3,80,000-க்கு மேல் செய்தார்கள். ஒற்றைத் தோட்டா. 27 அங்குலக் குழல். போல்டை மூடினால் மட்டும் சுடத் தயாராகாது. பின்னால் இருக்கும் குமிழை இரண்டு விரலால் பிடித்து இழுத்து வைக்க வேண்டும். பையன்களுக்குக் கொடுக்கும் துப்பாக்கியில் இந்த ஒரு கூடுதல் வேலையைவிட நல்ல பாதுகாப்பை எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. குழலில் வின்செஸ்டரின் சோதனை முத்திரை தெளிவாக இருந்தது. கட்டையின் அடியில் யாரோ பேனாக்கத்தியால் இரண்டு எழுத்து கீறியிருந்தார்கள். அம்மையார் அதைத் தடவிப் பார்த்து, "என் மாமனார்" என்றார்.

ஒரே ஒரு கோளாறு: லாங் ரைஃபிள் தோட்டா முக்கால்வாசி போய் நின்றது. பயப்பட ஒன்றுமில்லை. வருஷக்கணக்காகக் குட்டைத் தோட்டாவான ஷார்ட்டையே சுட்டிருக்கிறார்கள். அது முடியும் இடத்துக்கு முன்னால் அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்துவிடும். பித்தளை பிரஷும் கரைப்பானும் இரண்டு நாளில் சரிசெய்தன. குழலுக்குள் துரு இல்லை. 1920-களின் பிற்பகுதிக்கு முந்திய தோட்டாக்களில் இருந்த பற்றவைக்கும் மருந்து குழலை அரிக்கும். அந்தக் காலத்து ரைஃபிள்களில் உள்ளே அம்மைத்தழும்பு இல்லாதது அபூர்வம். அதற்குப் பிந்தியவை, இதைப் போல, பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.

25 கஜத்தில் திறந்த குறியோடு ஐந்து தோட்டாவைக் கால் டாலர் நாணயத்தால் மூட முடிந்தது. அறுபது வருஷத்துக்குக் குறையாத வயது, கடையில் மிக மலிவானவற்றில் ஒன்றாக விற்றது. 250 என்றேன். மகன், "கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்து, குழலுக்கும் புதுக் கருநீலப் பூச்சு கொடுத்தால் இன்னும் ஏறுமா?" என்று கேட்டார். ஏறாது, இறங்கும். சேகரிப்பவர் பணம் கொடுப்பது ஆலையிலிருந்து வந்த பழைய மெருகுக்கு, அது எத்தனை சதவிகிதம் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு. புதுப்பூச்சு அந்தக் கணக்கையே பூஜ்யமாக்கிவிடும். மெல்லிய எண்ணெய்த் துணி போதும்.

மலிவு ரைஃபிளுக்கு மதிப்பே ஏறாதா என்றால், ஏறியதும் உண்டு. ரெமிங்டன் 1959-ல் நைலான் 66 என்று முழுக்க டூபான்ட் நைலான் கட்டை வைத்த .22 ஒன்றை 49.95 டாலருக்கு விட்டது. பிளாஸ்டிக் துப்பாக்கி என்று சிரித்தார்கள். டாம் ஃப்ரை என்ற கம்பெனி ஆள் அதைக்கொண்டு, மேலே எறிந்த 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டார், தவறவிட்டது ஆறு. இன்று நல்ல நிலையில் உள்ள நைலான் 66, அதே வயது கிளென்ஃபீல்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறது. பச்சை நிறக் கட்டை என்றால் இன்னும் கூட.

நான்கையும் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் விற்பனைக்கு வைத்தோம். ஹிக்கின்ஸ் மேகசினோடு 140-க்குப் போயிற்று. கிளென்ஃபீல்ட் ஒரே வாரத்தில் 160-க்கு. ஸ்பிரிங்ஃபீல்டை இரண்டு பேர் வந்து எடுத்துப் பார்த்து, ஆயுதச்சாலை இல்லையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறது. வின்செஸ்டரை மூன்றாம் நாளே அம்மையார் போய்த் திரும்ப வாங்கிவந்துவிட்டார்.

இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என் தீர்ப்பு இது. சுடுவதற்கு என்றால் கிளென்ஃபீல்ட், உள்ளே அந்தத் தாங்கி முழுசாக இருந்தால் 160 வரை கொடுக்கலாம். பையனுக்கோ பெண்ணுக்கோ கற்றுக்கொடுக்க என்றால் மாடல் 67, 250 வரை. ஹிக்கின்ஸை 103 என்ற எண்ணையும் மேகசினையும் பார்த்த பிறகு வாங்குங்கள். சுட்டுப் பார்க்க விடாமல் விற்கப்படும் 87ஏ மட்டும், 50 டாலருக்குக்கூட வேண்டாம்.